காலை 10.30 மணி: கொழும்பு தந்த ஒரு தடயவியல் பாடம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள சில பல்கலைக்கழகங்கள், கோடை விடுமுறையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கென்று தடயவியல் முகாம்கள் நடத்துகின்றன. ஓர் அறையில் பொய்யான கொலைக் களம் ஒன்றை அமைத்து, மஞ்சள் நாடா கட்டி, இரத்தத்துக்குப் பதிலாகச் சாயம் தெளித்துப் பிள்ளைகளை உள்ளே விடுகிறார்கள். அவர்கள் விரலடையாளத்துக்குத் தூள் தடவுகிறார்கள், பாதணி அச்சுக்குச் சாந்து ஊற்றுகிறார்கள், ஒரு வார முடிவில் "குற்றவாளி"யைக் கண்டுபிடித்துச் சான்றிதழும் பெற்றுக்கொள்கிறார்கள். ரொறன்ரோவில் வளரும் என் உறவுப் பெண் ஒருத்தி அவ்வாறான முகாமொன்றுக்குப் போய்வந்து, கொழும்பில் இப்படி ஏதும் உண்டா என்று கேட்டு எழுதியிருந்தாள்.

எங்களுக்குக் கோடை விடுமுறை என்று ஒன்றில்லை. தவணை விடுமுறைகள் உண்டு. அவையும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரியூட்டரிகளுக்கே உரியவை. உயிரியல் படிக்கும் பிள்ளை வைத்தியராக வேண்டும், கணிதம் படிக்கும் பிள்ளை பொறியியலாளராக வேண்டும். இடையில் வேறொரு விஞ்ஞானம் இருப்பதாக எவரும் சொல்வதில்லை. ஆனால் தடயவியலுக்கு ஒரு வகுப்பறை தேட வேண்டுமென்றால், வெள்ளவத்தைப் பிள்ளைகள் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு நடந்து போனாலே போதும். சென்ற் அல்பன்ஸ் பிளேஸ் என்ற சிறிய வீதி அங்கே இருக்கிறது. அங்கே சாயம் தெளிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

1951ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி, அவ்வீதியிலிருந்த வீடொன்றின் மோட்டார் கொட்டகைக்குள் திருமதி பரிபூரணம் ஆனந்தம் சதாசிவம் இறந்து கிடந்தார். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. கழுத்தின் மீது மர உரல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. நான்கு பெண் பிள்ளைகளின் தாய். அவருடைய கணவர் மகாதேவ சதாசிவம்.

இன்றைய இளைஞர்களுக்கு அந்தப் பெயர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. என் தந்தையின் தலைமுறைக்கு அது மந்திரம் போன்றது. தமிழ் யூனியன் கழகத்தின் துடுப்பாட்ட வீரர். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள். 1948 மார்ச்சில் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கொழும்பில் இறங்கி ஒரு நாள் ஆடியபோது இலங்கையின் அணித்தலைவர் அவரே. மணிக்கட்டின் அசைவில் பந்தை விரும்பிய இடத்துக்கு அனுப்புவார் என்று முதியவர்கள் கையை ஆட்டிக் காட்டுவார்கள். அவ்வாறு காட்டும்போதே குரலைத் தாழ்த்தி மற்றக் கதையையும் சொல்வார்கள்.

அந்த மற்றக் கதை எளிமையானது. திருமணம் முறிந்துகொண்டிருந்தது. மனைவி விவாகரத்து வழக்குத் தொடுத்திருந்தார். கொலைக்கு முந்திய நாள்தான் அதற்கான அழைப்பாணை கணவர் கைக்குக் கிடைத்தது. அன்றிரவு அவர் அந்த வீட்டிலேயே தங்கினார். மறுநாள் காலை சுமார் பத்தரை மணிக்கு வாடகைக் கார் ஒன்றை அழைத்து, அதில் ஏறிப் போனார். வீட்டில் மனைவியைத் தவிர வில்லியம் என்ற வேலைக்காரப் பையன் இருந்தார். இருபது வயது நிரம்பாதவர், தென்பகுதிக் கிராமத்தவர், வேலைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. உடல் கண்டுபிடிக்கப்பட்டபோது வில்லியம் அங்கே இல்லை.

(ஓர் இடைக்குறிப்பு. இவ்வழக்கைப் பற்றித் தமிழில் பேசுகிற எல்லோரும் சதாசிவத்தை "அவர்" என்றும் வில்லியத்தை "அவன்" என்றும்தான் சொல்வார்கள். வழக்கின் பாதி அந்த இரண்டு சொற்களுக்குள்ளேயே தீர்க்கப்பட்டுவிடுகிறது. நான் இருவரையும் ஒரே விகுதியில் எழுதுகிறேன்.)

சதாசிவம் அன்றே கைதானார். வில்லியம் சில நாட்களின் பின் பிடிபட்டார். முகத்திலும் கைகளிலும் கீறல் காயங்கள் இருந்தன. தன் எசமான்தான் கொலை செய்தார், படுக்கையறையில் நடந்தது, தான் உதவியாளாக மட்டுமே இருந்ததாகவும் பின்னர் இருவரும் உடலைக் கீழே கொண்டுவந்து போட்டதாகவும் வாக்குமூலம் கொடுத்தார். முடிக்குரிய தரப்பு அதை ஏற்றது. வில்லியத்துக்கு நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கப்பட்டு, அவர் அரச தரப்புச் சாட்சியானார். சதாசிவத்தின் தலை, அந்த இளைஞரின் சொல்லில் தொங்கியது.

இங்கேதான் விஞ்ஞானம் உள்ளே வருகிறது. கேள்வி ஒன்றே ஒன்று. அந்தப் பெண் பத்தரை மணிக்கு முன் இறந்தாரா, பின் இறந்தாரா? முன் என்றால் கணவர் வீட்டில் இருந்தார். பின் என்றால் அவர் வாடகைக் காரில் போய்விட்டார்; வீட்டில் எஞ்சியிருந்தவர் வில்லியம். ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் ஒருவருடைய தூக்குக் கயிறு இருந்தது.

இறந்த உடல் குளிர்கிறது. எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அளந்தால், எப்போது இறந்தார் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். கேட்பதற்கு உயர்தரப் பௌதிகவியல் கணக்குப் போலத்தான் இருக்கும். ஆனால் அன்றைய பாடநூல்களில் இருந்த கணக்குகள் குளிர்நாட்டு உடல்களைப் பார்த்து எழுதப்பட்டவை. லண்டனில் ஓர் அறையின் வெப்பநிலை 17 பாகை என்றால், 37 பாகையில் இருக்கும் உடலுக்கும் அறைக்கும் இடையே 20 பாகை வித்தியாசம் இருக்கும். கொழும்பில் ஒரு ஒக்டோபர்ப் பகலில் அந்த வித்தியாசம் ஏழோ எட்டோதான். உடல் மிக மெதுவாகக் குளிரும். அளவீட்டில் அரைப் பாகை பிசகினாலும் நேரக் கணக்கு மணிக்கணக்கில் நகர்ந்துவிடும். போதாக்குறைக்கு, உயிர் பிரிந்த உடனே உடலின் உள்வெப்பம் இறங்கத் தொடங்குவதுமில்லை. சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டுத்தான் இறங்குகிறது. ஆங்கிலேயரின் அட்டவணையை வைத்துக்கொண்டு பம்பலப்பிட்டியில் மரண நேரம் சொல்வது, யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு எடின்பரோவில் சூரிய உதயம் பார்ப்பதற்கு ஒப்பானது.

பிரேத பரிசோதனையைச் செய்தவர் பேராசிரியர் ஜி.எஸ்.டபிள்யூ. டி சேரம். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது சட்டவைத்தியப் பேராசிரியர், கொழும்பின் சட்டவைத்திய அதிகாரி. வெப்பநாட்டு உடல் எவ்வாறு குளிர்கிறது என்ற கேள்விக்கு அவர் விடை தேடிய இடம் வெலிக்கடைச் சிறைச்சாலை. தூக்கிலிடப்பட்டவர்களின் மரண நேரம் நிமிடக் கணக்கில் பதிவாகியிருக்கும். அவர்களுடைய உடல் வெப்பநிலையைத் தொடர்ந்து அளந்து, அதன் முடிவுகளை வெப்ஸ்டர், கதிர்காமத்தம்பி ஆகிய இருவருடன் சேர்ந்து 1955இல் அமெரிக்கக் குற்றவியல் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார். மரண நேரம் பற்றி உலகில் எழுதப்படும் சட்டவைத்திய நூல்களில் இந்தக் கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. கதிர்காமத்தம்பி என்ற பெயரை ஆங்கில அடிக்குறிப்பொன்றில் முதன்முதலாகக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்கப் போவதில்லை. அதேவேளை, அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் அரசு கொன்ற ஒரு மனிதர் இருக்கிறார். அவர்களிடம் எவரும் அனுமதி கேட்டிருக்கமாட்டார்கள். மாணவர்களுக்கு இந்த ஆய்வைக் கற்பிப்பவர் அதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

சதாசிவத்துக்காக வாதாடியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. சமசமாஜக் கட்சியின் தலைவர்களில் ஒருவர், நாவன்மை மிக்கவர். அவருடைய வாதத்துக்குத் துணையாக எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் சேர் சிட்னி ஸ்மித் கொழும்புக்கு வந்தார். அக்காலத்தில் சட்டவைத்தியத் துறையில் அவரைவிடப் பெரிய பெயர்கள் அதிகம் இருக்கவில்லை. 1924இல் கெய்ரோவில் சேர் லீ ஸ்ராக் சுட்டுக் கொல்லப்பட்டபோது, துப்பாக்கி ரவைகளில் இருந்த தடங்களை ஒப்பிட்டு ஆயுதத்தை இனங்கண்டவர்.

ஸ்மித் வெப்பமானியை மட்டும் நம்பவில்லை. இறந்தவரின் பாதங்களைப் பார்த்தார். உள்ளங்கால்களில் அழுக்குப் படிந்திருந்தது. படுக்கையறையில் நெரிக்கப்பட்டு, தூக்கிக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணின் உள்ளங்காலில் அடுப்படித் தரையின் அழுக்கு எப்படி வரும்? அவர் தன் காலால் நின்றபோது, சமையலறையில் தாக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. அடுத்து வில்லியத்தின் கீறல்கள். மூச்சுக்காகப் போராடும் ஒருவரின் நகங்கள், நெரிப்பவரின் கையையும் முகத்தையும்தான் பற்றும். அருகில் நின்று உதவுபவரின் முகத்தையல்ல. கொல்லப்பட்ட இடம் மாறிவிட்டால் வாக்குமூலம் முழுவதும் சரிகிறது.

இந்த இரண்டுக்கும் உபகரணம் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சமையலறைக்குள் வெறுங்காலுடன் நடக்கும் ஒரு நாட்டில், உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? எடின்பரோவிலிருந்து வந்தவருக்கு வந்தது.

நீதியரசர் நோயல் கிரேஷியன் முன்னிலையில் 57 நாட்கள் விசாரணை நடந்தது. 1953 ஜூன் 25ஆம் திகதி ஜூரர்கள் ஏகமனதாகச் சதாசிவம் குற்றவாளியல்லர் என்றனர். அன்றைய தினம் வரை அவர் 625 நாட்கள் தடுப்புக்காவலில் இருந்திருந்தார். பின்னர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் போய், அவ்வணிகளுக்கும் தலைமை தாங்கினார். 1977இல் காலமானார். வில்லியம் தன் வழியில் போனார். அவர்தான் கொலையாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. மன்னிப்புப் பெற்றவரை மீண்டும் கூண்டில் ஏற்றவும் இயலவில்லை. ஆகவே அந்தப் பெண்ணின் மரணத்துக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. நமது ஊர்ப் பேச்சில் சதாசிவம் உண்டு, கொல்வின் உண்டு, சிட்னி ஸ்மித்தும் உண்டு. பரிபூரணம் ஆனந்தம் என்ற பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? சட்டவைத்தியப் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ 2006இல் இவ்வழக்கைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். தமிழில் அவ்வாறான முழு நூலொன்று வரவேண்டும் என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன்.

இதற்கு முன்னும் கொழும்பு இப்படியான ஒரு வழக்கைக் கண்டதுண்டு. 1933இல் டஃப் ஹவுஸ் என்ற மாளிகையில் ஸ்டீபன் செனவிரத்னவின் மனைவி குளோரோபோமினால் இறந்தார். கணவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1936இல் கோமறைக் கழகம் அவரை விடுவித்தது. சதாசிவம் வழக்கு நடந்த காலத்திலேயே கடலுக்கு அப்பால் சென்னையும் ஒரு கொலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. 1952 ஓகஸ்டில் போட் மெயில் மானாமதுரையில் நின்றபோது ஒரு பெட்டிக்குள் தலையில்லாத உடல் இருந்தது. கொழும்புக்கு வரும் நம்மவர்கள் தனுஷ்கோடி வரை ஏறிவந்த அதே ரயில்தான். தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இறந்தவர் பேனா வியாபாரி ஆளவந்தார் என்று நிறுவியவர்கள் சென்னையின் வைத்தியர்களும் விரலடையாள நிபுணர்களும். விரலடையாளத்தை வகைப்படுத்தும் முறையே நமது பிராந்தியத்தில் உருவானதுதான். 1897இல் கல்கத்தாவில் முதலாவது விரலடையாளப் பணியகம் தொடங்கியபோது, எட்வேர்ட் ஹென்றியின் பெயரால் வழங்கும் அந்த முறைக்குக் கணிதம் அமைத்துக் கொடுத்தவர்கள் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவர். ஹென்றியின் பெயர் நிலைத்தது. இது நமக்குப் புதிதல்ல.

இவை எல்லாம் ஒரு வீடு, ஓர் உடல், ஒரு கொலையாளி என்ற கணக்கில் அடங்கும் கதைகள். என் தொழில்வாழ்வில் நான் எழுத நேர்ந்தவை அந்தக் கணக்கில் அடங்கவில்லை.

1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசாமி உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பும் வழியில் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். தேடிப்போன தாய், தம்பி, அயலவர் மூவரும் திரும்பவில்லை. வழக்குக் கொழும்பில் நடந்தது. 1998 ஜூலை 3ஆம் திகதி தீர்ப்பு வந்தபோது, தண்டிக்கப்பட்ட லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ, செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். அந்தக் காலத்தில் நான் நீதிமன்றச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணைத் தலைப்பில் எத்தனை பெரிய எழுத்தில் போடுவது என்று ஆசிரியர் பீடத்தில் நெடுநேரம் விவாதம் நடந்தது. 1999இல் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. அவர்களுள் இருவர் 1996இல் காணாமற்போன இளைஞர்கள் என இனங்காணப்பட்டனர். அத்துடன் செம்மணி மூடப்பட்டது.

மன்னார் வேறொரு பாடம். 2018இல் சதொச கட்டட வளவில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. கார்பன் காலக்கணிப்புக்காக அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மாதிரிகள் அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் வந்த அறிக்கை, அவை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்றது. காத்திருந்த தாய்மார் அதை நம்பவில்லை. விஞ்ஞானம் பொய் சொன்னது என்று அவர்கள் நினைக்கவில்லை. எந்த எலும்பை யார் எடுத்தார், எந்தப் பையில் போட்டார், யார் கையால் அது விமானம் ஏறியது என்பதைத்தான் கேட்டார்கள். தடயவியல் படிப்பவர்கள் முதல் வாரத்திலேயே படிக்க வேண்டிய கேள்வி அதுதான். தடயப் பொருளின் கைமாற்றச் சங்கிலி அறுந்தால், புளோரிடாவின் இயந்திரம் எவ்வளவு நுண்மையாக இருந்தும் பயனில்லை.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 2004 சுனாமியில் கல்முனையில் கண்டெடுக்கப்பட்டு, வைத்தியசாலைப் பதிவில் 81ஆம் இலக்கம் பெற்ற குழந்தை. ஒன்பது தம்பதியினர் உரிமை கோருவதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தில் முறையாக உரிமை கோரியவர்கள் ஒரு தம்பதியினர் மட்டுமே என்பது பின்னர் தெரிந்தது. 2005 பெப்ரவரியில் கொழும்பில் மரபணுப் பரிசோதனை நடந்தது. குழந்தை அவர்களுடையதே. அதிகம் பிரபலமாகாத பகுதி என்னவென்றால், அந்தப் பரிசோதனை முழுவதும் நம் நாட்டிலேயே செய்யப்பட்டது. ஒரு குழந்தைக்காக நம்மால் செய்ய முடிந்ததைப் பல நூறு பேருக்காகச் செய்ய வேண்டுமாயின் அதற்கு ஆட்கள் வேண்டும். தொல்லியலாளர், என்பியல் வல்லுநர், பல் வைத்தியர், மரபணு ஆய்வாளர். வெள்ளவத்தை ரியூட்டரிகளில் இன்று உயிரியல் படிக்கும் நூற்றுக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு தொழில் இருப்பது தெரியும்?

செம்மணி 2025இல் மீண்டும் திறந்தது. அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண்ணை வெட்டியபோது எலும்புகள் தென்பட்டன. பேராசிரியர் ராஜ் சோமதேவவின் தலைமையில் நடந்த அகழ்வில், அவ்வாண்டு செப்டெம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் இனங்காணப்பட்டன. சிறு குழந்தை ஒன்றின் எலும்புக்கூட்டுடன் நீல நிறப் புத்தகப்பை ஒன்று கிடந்தது. ஓகஸ்ட் 5ஆம் திகதி, கண்டெடுக்கப்பட்ட உடைகளையும் பொருட்களையும் பொதுமக்கள் பார்த்து அடையாளம் சொல்லும்படி காட்சிக்கு வைத்தார்கள். வரிசையில் நின்றவர்கள், தாம் தேடிவந்த பொருள் அங்கே இருக்கவேண்டும் என்றும் இருக்கக்கூடாது என்றும் ஒருங்கே வேண்டிக்கொண்டு நின்றிருப்பார்கள்.

கொழும்பில் அவ்வாறான வரிசையும் இல்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்ட 11 பேரின் வழக்கில் கொட்டாஞ்சேனையும் ஓர் இடம். தோண்டுவதற்கு அங்கே மண் இல்லை. தொலைபேசித் தொடர்புப் பதிவுகள் முக்கியத் தடயங்களாயின. உடல்கள் கிடைக்கவில்லை. கடற்படையினர் மீது குற்றம் சாட்டப்பட்டது.

அந்த வழக்கில் சேராத, எந்த வழக்கிலும் சேராத ஒரு தாயைக் கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரியும். மகன் போன காலத்திலிருந்து அவனுடைய சீப்பை ஒரு பத்திரிகைத் தாளில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறார். மயிரிலிருந்து டிஎன்ஏ எடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அண்மையில் நான் ஒரு சட்டவைத்தியரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். வேர் இல்லாத மயிரில் கிடைப்பது குறைவு, தாயின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்தால் அதுவே நம்பகமானது, தாய்வழி மரபணு பிள்ளைக்கு அப்படியே போகிறது என்று அவர் விளக்கினார். அடுத்த கிழமை அந்த அம்மாவிடம் போய் அவ்வாறே சொன்னேன்.

"அப்ப என்னட்டை எப்ப வந்து எடுப்பினம், தம்பி?" என்று கேட்டார். அவருக்கு இப்போது 78 வயது.